எந்த மாத வருமானம்?

நேயர்களுக்கு வணக்கம்.

"உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லக்கூடியவர்கள் யார்? மாதச் சம்பளக்காரர்கள். அப்புறம் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள். மற்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள், பிறகு நமக்குப் பிடித்த மாதிரி ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீடு வீடாகப் போய் இப்படிக் கேள்வி கேட்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அதனால்தான் வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள் போல. எனக்குத் தெரிந்த விழுப்புரம் பக்கத்தை வைத்தே பேசுகிறேன்.

அங்கே ஒரு கிராமத்தில், திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மாசத்தக் கேக்கற தம்பி? தையா, ஆடியா?" என்றார். தையில் நெல் அறுப்பு இருக்கும், அதைத் தொட்டுக் கரும்பு வெட்டு இருக்கும், கையில் காசு புழங்கும். ஆடியில் ஒன்றும் இருக்காது. "ஆடியில தோடு அடகுக்குப் போவும், தையில வூட்டுக்கு வரும்" என்றார். போன தையில் வந்ததா என்று கேட்டேன். "எங்க வந்துச்சு? வட்டியக் கட்டித் திருப்பி வச்சிட்டேன்." என் படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம். தையும் ஆடியும் தோடும் வட்டியும் அதில் எங்கே அடங்கும்?

கணக்கெடுப்பை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் நம் நாட்டில் வறுமையை அளக்க வருமானத்தை விட்டுவிட்டுச் செலவைக் கேட்கிறார்கள். காய்கறி, மீன், எண்ணெய்க்கு கடந்த 7 நாள் செலவு. அரிசி, பருப்புக்கு 30 நாள். துணிமணி, படிப்பு, ஆஸ்பத்திரியில் தங்கிய செலவுக்கு 365 நாள். 2023-24 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 5,701 ரூபாய். நாடு முழுவதற்கும் கிராமச் சராசரி 4,122 ரூபாய். நாம் மேலேதான் இருக்கிறோம், சந்தோஷம். ஆனால் அந்த 4,122-க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாட்டின் கிராமங்களில் அடிமட்ட 5 விழுக்காட்டினர் செலவிடுவது 1,677 ரூபாய். மேல்மட்ட 5 விழுக்காட்டினர் செலவிடுவது 10,137 ரூபாய்.

அந்த மேல்மட்டக் கணக்கையும் நான் முழுசாக நம்பமாட்டேன். குடிசையில் உட்கார வைத்து மோர் கொடுத்துப் பதில் சொல்வார்கள். பெரிய வீட்டில் வாட்ச்மேனைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். தாண்டினாலும், "ஐயா வெளியூர்" என்று பதில் வரும்.

சரி, செலவைக் கேட்டால் உண்மை வந்துவிடுமா? இங்கேதான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு. கடன் வாங்கி 2 லட்சம் கட்டுகிறார்கள். அந்த 2 லட்சம் செலவுக் கணக்கில் சேரும். ஆக, அந்த வருஷம் கணக்குப்படி அது வசதியான வீடு! அடுத்த வருஷம் அந்தக் கடனைத் தவணை தவணையாகக் கட்டுகிறார்கள். அது நுகர்வுச் செலவில் சேராது. மறுபடியும் சொல்கிறேன்: கடன் வாங்கிச் செலவழித்தால் கணக்கில் வரும், கடனைத் திருப்பிக் கட்டினால் வராது. குழுக் கடனுக்கு வாரா வாரம் தவணை கட்டுகிற பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கு என்று இன்னொன்று இருக்கிறது. அதன்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் ஏழைகள் வெறும் 2.20 விழுக்காடு. சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள் என்று 12 அளவுகோல்கள். அவற்றில் நாம் முன்னேறியது உண்மைதான். ரேஷன் அரிசியும் சத்துணவுத் திட்டமும் சும்மா இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் அதில் பார்க்கிறார்கள். கடன் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கடனுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு உண்டு, 2019-இல்கூட ஒன்று நடந்தது. ஆனால் அது வேறு வீடுகள், வேறு காலம். வறுமையையும் கடனையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

ஒரே ஊரை விடாமல் பார்த்தால் என்ன தெரியும்? அதற்கு நம் மாவட்டத்திலேயே இருவேல்பட்டு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, ஊர் நிலவரத்தை எழுதி வரச் சொன்னார். அப்படிப் பதிவான ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. பிறகு 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு, 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் எழுதியது, 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போய்ப் பார்த்தது என்று கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் கதை நம்மிடம் இருக்கிறது. தன் தாத்தா காலத்துக் கூலி என்ன என்று எழுத்தில் பார்க்கக்கூடிய ஊர்கள் உலகத்திலேயே எத்தனை இருக்கும், சொல்லுங்கள்!

அந்தக் காலத்தில் அங்கே படியாள் முறை. முன்பணம் வாங்கிக்கொண்டு நிலக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தால், அதை அடைக்கும்வரை வேறு இடத்துக்கு நகர முடியாது. கூலி தானியமாக வரும். 2008-க்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. ஜனங்கள் வெளியூர் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், ரேஷன் வந்தது, நூறு நாள் வேலையும் வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பசிக்காக ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டாம் என்றால், கூலியைப் பேசிக் கேட்கிற தைரியம் வருகிறது. ஆனால் கடன் ஒழியவில்லை. அன்றைக்கு ஒரே ஆளிடம் இருந்த கடன் இன்றைக்கு அடகுக் கடை, குழு, தவணைக்காரர் என்று பல இடமாகப் பிரிந்திருக்கிறது.

வீட்டு வசதி பற்றியும் விரிவாகப் பேசுவதாக இருந்தேன். கூரை, தளம், ஒரே அறையில் எத்தனை பேர் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எதிரே இருக்கிற கடிகாரம் விடாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது. நகரத்தில் ஒரே மீட்டருக்குக் கீழே நாலைந்து குடித்தனம் இருந்தால், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வைத்து வாங்கிக்கொள்கிறார். அங்கே குடியிருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.