இருபது பருப்பு

நேயர்களுக்கு வணக்கம். உலர்பழம், கொட்டைப் பருப்பு, பயறு வகைகள் இவற்றின் ஏற்றுமதியைப் பற்றியும், அவை உடம்புக்குச் செய்யும் நன்மை பற்றியும் பேசுமாறு வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திரி ஏற்றுமதியில் இருந்தவள். எங்கள் செம்மண் காட்டில் கொல்லாங்கொட்டை என்றுதான் சொல்வோம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் முந்திரிப் பொட்டலம் வாங்கும்போது அதன் மேல் 'டபிள்யூ 320' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அதை ஏதோ விலைக்குறி என்று நினைக்கிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது 454 கிராமுக்கு, 320 பருப்புக்கு மேல் போகக்கூடாது என்பதே அதற்குப் பொருள். 180 என்றால் பருப்பு பெரியது. 450 என்றால் பொடிசு. எண் ஏற ஏற பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். முன்னால் நிற்கும் அந்த எழுத்து வெள்ளை முழுப்பருப்பைக் குறிக்கிறது.

இந்த 'முழு' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை பெண்களின் கை உழைக்கிறது தெரியுமா? கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். உடைத்த பருப்பு போர்மா என்னும் சூட்டு அறைக்குள் போகும். அங்கே பல மணி நேரம் காய்ந்தபின்தான் மேல்தொலி இளகும். அதை நகத்தாலும் சிறு கத்தியாலும் உரிக்க வேண்டும். விரல் சற்று அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்த அந்த நொடியிலேயே விலை விழுந்துவிடும். நான்கு கிலோ கொட்டை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு தேறும். அதில் எத்தனை முழுசு, எத்தனை துண்டு என்பதில்தான் முதலாளியின் லாபம் இருக்கிறது.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐப்பசி அடைமழை. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. போர்மாவிலிருந்து வரும் பருப்பு நன்றாகக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். அப்படியே டின்னில் அடைத்தால் வழியில் நொறுங்கும். அதனால் ஈரக்காற்றில் சிறிது நேரம் வைத்துப் பதப்படுத்துவோம். காய்ந்தால் உடையும், ஈரம் தங்கினால் கெடும். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஈரம் போகக்கூடாது என்பது ஏற்றுமதிக் கணக்கு.

உடைசல் குறையட்டும் என்று நான் பருப்பைக் கூடுதல் நேரம் வைத்துவிட்டேன். தரம் பிரிக்கும் மேசையில் ஓர் அக்கா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு பருப்பை எடுத்துக் காதருகே வைத்துப் பட்டென்று ஒடித்தார். இன்னொன்றையும் ஒடித்தார். "சத்தம் வரவில்லை அம்மா, பருப்பு ஊமையாக இருக்கிறது, இன்னொரு தடவை காயவிடுங்கள்" என்றார். நான் கேட்கவில்லை. முழுப்பருப்பு, பால் போன்ற நிறம், வேறென்ன வேண்டும் என்று டின்களை மூடச் சொல்லிவிட்டேன். சரக்கு போய்ச் சேர்ந்த சில வாரங்களில் கடிதம் வந்தது. டின்னைத் திறந்ததுமே பூஞ்சை வாடை. பணத்தில் பெரும்பகுதி போயிற்று. அதைவிட, அந்தப் பருப்பை யாராவது ஒரு குழந்தை வாயில் போட்டிருக்குமோ என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்று முதல் நான் எந்தப் பருப்பையும் முதலில் காதில்தான் வைக்கிறேன்.

கண்ணுக்கு அழகாக இருப்பது வேறு, உடம்புக்கு நல்லதாக இருப்பது வேறு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முழுப்பருப்பில் உள்ள சத்து அத்தனையும் துண்டுப் பருப்பிலும் இருக்கிறது. நூறு கிராமில் சுமார் 18 கிராம் புரதம். 44 கிராம் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி இதயத்துக்கு இதமான வகை. மெக்னீசியம், செம்பு, துத்தநாகம் எல்லாம் உண்டு. பாயசத்துக்கு முழுப்பருப்பு வாங்கக் கட்டுப்படியாகவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். துண்டு வாங்குங்கள், ஆனால் காய்ந்த துண்டாக வாங்குங்கள்.

எவ்வளவு தின்னலாம்? அந்த 320 என்ற எண்ணே கணக்கைச் சொல்லிவிடும். ஒரு பருப்பு ஏறக்குறைய 1.4 கிராம். இருபது பருப்பு என்றால் ஒரு கைப்பிடி, 28 கிராம், 160 கலோரிக்குப் பக்கம். ஒரு நாளைக்கு அது போதும். நெய்யில் வறுத்து உப்பும் தூவினால் கணக்கு மாறிவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டை வகை ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.

வேர்க்கடலைக்கு இந்த ஈரக் கணக்கு இன்னும் முக்கியம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அதுதான் அஃப்ளாடாக்சின். நேரடியாகத் தின்னும் கடலையில் அது நூறு கோடியில் நான்கு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. கசக்கும் கடலையை நாகரிகம் பார்க்காமல் துப்பிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. பயறு வகைகளைப் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன். நம் நாடு உலகிலேயே அதிகமாகப் பயறு விளைவிக்கிறது, அப்படியும் போதாமல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2006இல் பயறு ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், 2017இல்தான் முழுதாக நீக்கினார்கள். வெள்ளைக் கொண்டைக்கடலை போன்ற சிலவற்றுக்கு இடையில் விலக்கு இருந்தது. உலர்திராட்சை வாங்கினால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்; அதில் சர்க்கரை செறிந்திருக்கிறது, நீரிழிவுக்காரர்கள் எண்ணி எடுங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். சுண்டலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், சுண்டலில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். அடுப்பில் இருக்கும்போது பிழிய வேண்டாம், இறக்கியபின்தான். வணக்கம்.