உலோகத்தின் பக்கத்தில் நிற்கும் நைட்ரஜன்

நேயர்களுக்கு வணக்கம். ஹைட்ரஜனை எரிபொருளாக்குவதில் முதல் தொல்லை, அதைச் சேமித்து வைப்பதுதான். அதைத் திரவமாக்க, சுழியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அவ்வாறு குளிர்வித்த பின்னரும் ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 70 கிராம்தான். தண்ணீரைப் போல ஊற்றி வைக்கக்கூடிய, ஆல்கஹால் வகையைச் சேர்ந்த மெத்தனால் ஒரு லிட்டருக்குள்ளோ ஏறத்தாழ 100 கிராம் ஹைட்ரஜன் அடங்கியிருக்கிறது.

அதை வெளியே எடுப்பதற்கு, வழக்கமான முறையில், மெத்தனாலையும் நீராவியையும் 200 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். அந்த வெப்பத்தில் சிறிது கார்பன் மோனாக்சைடும் உண்டாகி, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில் உள்ள பிளாட்டினத்தை முடக்கிவிடுகிறது. நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதியோ 37 பாகையிலேயே ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிவிடுகிறது. அது வாயுவாக வெளிவருவதில்லை என்பது உண்மைதான். வேறொரு மூலக்கூறு அதைப் பெற்றுக்கொள்கிறது.

வாயுவாகவே வெளியிடுபவை, நுண்ணுயிரிகளில் உள்ள ஹைட்ரஜனேஸ் நொதிகள். கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் லியோனார்ட் ஸ்டிக்லண்டும் 1931இல் அவற்றுக்கு அந்தப் பெயரை இட்டனர். இவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் எளிதில் நிறுத்துவதில்லை, பொறுத்தருள வேண்டும். இவற்றுள் ஒரு வகையின் மையத்தில் இருப்பவை இரண்டு இரும்பு அணுக்கள். அவற்றைப் பற்றியிருப்பவை கார்பன் மோனாக்சைடும் சயனைடும். நமக்கு நஞ்சான இரண்டையும் அந்த உயிரி தானே தயாரித்து அங்கே பொருத்துகிறது! ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உண்டாக்க வல்லது. ஆனால் இந்தத் திறன் இரும்புக்கு மட்டும் உரியதன்று. அதற்கு அருகே, சரியான தொலைவில், ஒரு நைட்ரஜன் அணு நிற்கிறது. எதிர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜனாகிய ஹைட்ரைடை இரும்பு ஏந்த, நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜனாகிய புரோட்டானை நைட்ரஜன் ஏந்த, இரண்டும் அருகருகே இருப்பதால் இணைந்து வாயுவாகின்றன. பாரமான பெட்டியை இருவர் ஆளுக்கொரு முனையாகத் தூக்குவது போன்றது இது. மீண்டும் சொல்கிறேன்: உலோகம் தனியே உழைப்பதில்லை.

நிக்கலுக்கு அருகே இத்தகைய நைட்ரஜன்களை அமைத்த அமெரிக்க ஆய்வாளர்கள், நொடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் மூலக்கூறுகள் என்ற வேகத்தை 2011இல் எட்டினர். ஆல்கஹாலுக்கு வருவோம். ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் மத்தியாஸ் பெல்லர் குழுவினர் 2013இல் உருவாக்கிய ரூத்தேனிய வினையூக்கி, 100 பாகைக்கும் குறைவான வெப்பத்தில், மெத்தனாலையும் நீரையும் ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றியது. அது நொதியின் நேர்ப்படி அன்று. எனினும் அங்கும் உலோகம் ஹைட்ரைடை வாங்க, பக்கத்து நைட்ரஜன் புரோட்டானோடு தொடர்புகொண்டு துணைநிற்கிறது என்றே அவர்கள் விளக்கினர்.

நேரம் நெருங்குவதால் எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வினைக்கு வலுவான காரம் தேவைப்படுகிறது. ரூத்தேனியம் அரிய உலோகம் என்பதால் இரும்பைக் கொண்டும் முயல்கிறார்கள். இன்றைய மெத்தனாலில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கிறது. அதிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைத் தூய எரிபொருள் என்று நான் அழைக்கமாட்டேன். காற்றிலிருந்தோ தாவரக் கழிவிலிருந்தோ வந்த கார்பனைக் கொண்டு மெத்தனாலைச் செய்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். வணக்கம்.