வேப்பிலைக்காரி வந்த காலைப் பூசை

வணக்கம் உறவுகளே. சத்தம் கேட்கிறதுதானே? போன வீடியோவைப் பார்த்துவிட்டு என் மச்சான், "சவுண்ட் சேர்விஸ் வைச்சிருக்கிறாய், உன்ர குரல்தான் ஒருத்தருக்கும் கேக்குதில்லை" என்று சிரித்தான். என்ன செய்வது, நல்ல மைக் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன. மிஞ்சியது இந்தப் போனும், பின்னால் கொக்கரிக்கிற கோழியும்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் இருப்பது தர்மபுரம் பக்கம், பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டை ஒட்டி. கோயில் திருநாள், கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, எதற்குக் கூப்பிட்டாலும் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போவேன். எங்கள் வீடு வேதக்கார வீடு, கத்தோலிக்கர். ஆனால் ஸ்பீக்கருக்குச் சமயம் இல்லை. அதனால் வந்த வினையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நேற்று ஒரு புதுநன்மை வீட்டுக்கு, அதுதான் பிள்ளை முதன்முதல் நற்கருணை எடுக்கிற விழாவுக்கு, கட்டிய வயர்கள் இவை. சுற்றிக்கொண்டே கதைக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

போன வருடம் வைகாசி. ஜனவரியைத் தை என்றும் மேயை வைகாசி என்றும்தான் நாங்கள் சொல்வோம், மற்ற மாதங்களும் அப்படித்தான். எங்கள் தொழிலில் வைகாசி என்றால் நித்திரை இல்லாத மாதம். கத்தோலிக்கருக்கு அது மாதாவின் மாதம். வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்வோம், மாதக் கடைசியில் மாதாவுக்குத் திருநாள் வைப்போம். வைகாசி விசாகத்தை ஒட்டித்தான் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும் வரும். கடல் நீரில் விளக்கெரிகிற பொங்கல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வன்னி முழுவதும் அந்தப் பக்கம் நகரும். அந்த நாட்களில் ஊரிலுள்ள சின்னச் சின்ன அம்மன் கோயில்களிலும் பொங்கல் நடக்கும். ஆக, மாதாவும் அம்மனும் ஒரே கிழமையில் ஒரே ஆளிடம் ஸ்பீக்கர் கேட்பார்கள்.

என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. ஒன்றை நான் மாதா கோயிலுக்குக் கொண்டுபோனேன். மற்றதை என்னோடு வேலை செய்கிற தம்பி, 3 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனான். பென்ட்ரைவ் இரண்டு, இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. இதற்கு மேல் நான் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நடந்த விதம் அப்படி.

இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடக்கூடாது, காலை ஆறுக்கு முன்னும் கூடாது. பெர்மிட் அப்படி. ஆறு அடித்ததும் பென்ட்ரைவைக் குத்தினேன். பெண்குரல், அருமையான குரல். தாயே என்கிறது, உன் பாதமே சரணம் என்கிறது, பிள்ளைகளைக் காத்தருள் என்கிறது. நான் அம்ப்புக்குப் பின்னால் குந்தியிருந்து பிளேன்ரீ குடிக்கிறேன். கோயிலைப் பார்க்கிற மூப்பர் வாசல் கூட்டுகிறார். புளியமரத்தடியில் முக்காடு போட்டு இருந்த ஒரு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "இண்டைக்குத்தான் தம்பி பக்தியான பாட்டுப் போட்டிருக்கிறாய். மற்ற நாளையில ஒரே டும்டும்" என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

கருணைக் கடல் வந்தது, யாரும் அசையவில்லை. நோய் தீர்க்கிற தாய் வந்தாள், இரண்டு பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். அப்புறம் வந்தாள் வேப்பிலைக்காரி.

மூப்பரின் விளக்குமாறு அப்படியே நின்றது. ஆச்சி முக்காட்டை எடுத்தார். அடுத்த அடியில் சூலம், அதற்கடுத்த அடியில் சிங்கம். நான் ஓடிப்போய்ப் பென்ட்ரைவைப் பிடுங்குவதற்குள் உடுக்கும் தொடங்கிவிட்டது. அறையில் இருந்து பங்குச் சுவாமி தோளில் துவாயோடு வெளியே வந்தார். வாயில் பற்பசை நுரை. துப்பிவிட்டு ஆறுதலாகக் கேட்டார்: "தம்பி, எங்கட மாதா எப்ப வேப்பிலை எடுத்தவ?"

சரி, அங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். கை நடுங்க நடுங்கத் தம்பிக்குப் போன் எடுத்தால் அவன் சிரிக்கிறான். அங்கே இருபது நிமிடமாக மாதா பாட்டு ஓடியிருக்கிறது. பொங்கல் பானை வைக்கிற பெண்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. மடு, அதுதான் மன்னார்ப் பக்கத்துப் பெரிய மாதா கோயில், அந்தச் சொல் வந்த பிறகுதான் கோயில் தலைவர் நிமிர்ந்து பார்த்தாராம். தம்பி பயந்துபோய் நிற்பாட்டப் போக, "விடு, ஓடட்டும். நான் போன ஆவணிக்கும் மடுவுக்குப் போய் நேத்தி முடிச்சனான்" என்று சொல்லிவிட்டாராம்.

வெளிநாட்டில் இருந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு இது புதினமாக இருக்கலாம். வன்னியில் இது புதினமே இல்லை. மடுவில் ஆடி 2ஆம் திகதியும் ஆவணி 15ஆம் திகதியும் போய்ப் பாருங்கள், காட்டுக்குள் கூடாரம் அடித்துச் சமைத்துக்கொண்டிருக்கிற சனத்தில் எத்தனை நெற்றியில் திருநீறு இருக்கிறதென்று. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தைப் பக்கம் இருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்கள்தான் மடுவைத் தொடங்கினார்கள். ஓடிப்போன மாதா என்றபடியால்தானோ என்னவோ, ஓடித் திரிந்த சனம் எல்லாம் அவவைச் சொந்தம் கொண்டாடுகிறது. 2008 சித்திரையிலும் சண்டை கிட்ட வர, அந்தச் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

மடுக் கதையோடு ஒன்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 தை 14இல் மடுவுக்கு வந்தார், பொங்கலுக்கு முதல் நாள். அன்று காலையில்தான் கொழும்பில் யோசே வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்திருந்தார். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவில் இருந்து பிச்சைக்காரன் வேடத்தில் வந்து இறங்கியவர் அவர். நானும் மடுவுக்குப் போயிருந்தேன். சனமெல்லாம் பாப்பரசரைப் பார்த்தது, நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். எத்தனை பெட்டி, எந்த உயரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பாப்பரசர் என்னடா சொன்னவர்?" என்று கேட்டார். "தெளிவாச் சொன்னவர் அம்மா, எக்கோவே இல்லை" என்றேன்.

வேப்பிலைக்காரிக்கு வருவோம். சுவாமி அதோடு விட்டுவிட்டார். விடாதவர் திருநாள் குழுவில் இருந்த ஒருவர். ஏற்கனவே இளைஞர் பாடகர் குழு சினிமா மெட்டில் பாடுகிறது என்று கொதித்துக்கொண்டிருந்தவர். இப்போது அம்மன் பாட்டும் வந்துவிட்டது, இனி எதுதான் மிச்சம் என்று பூசை முடிந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். பிழை என் பக்கம், வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த மெட்டுக் கதையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் அப்பப்பா மன்னார்ப் பக்கத்து ஆள், கூத்துக்காரர். புனிதர்களின் கதையை விடிய விடிய ஆடுவார்கள். யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என்று அதற்குள்ளேயே இரண்டு கட்சி. அப்பப்பாவுக்கு எப்போதும் கொடுங்கோல் அரசன் வேடம்தான், தொண்டை அப்படி. புனிதரின் தலையை வெட்டச் சொல்லிக் கட்டளையிடுவார், சனம் மண்ணை அள்ளித் தூற்றும். அடுத்த நாள் வயலில் குனிந்து களை பிடுங்குகிறபோது, "ராசா, இந்த வரம்பையும் ஒருக்கா வெட்டச் சொல்லுமன்" என்று பகிடி பண்ணுவார்களாம். அந்தக் கூத்து மெட்டு வானத்தில் இருந்தா விழுந்தது? வேதக்காரர் வருவதற்கு முன்பே சனத்தின் வாயில் கிடந்த பாட்டு அது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். அவர் பெத்லகேமைப் பாட எடுத்தது குறவஞ்சி. கோயில் வாசலிலும் அரண்மனையிலும் சனம் விரும்பிப் பார்த்த ஆட்டம் அது. சினிமா வந்து எங்களைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பின்னாலும் பார்க்கவேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆளும் நானில்லை. நன்மை எடுக்கிற நேரம் குத்துத் தாளம் போட்டால் எனக்கும் கோபம் வரும். வரிசையில் கைகூப்பி நிற்கிற சனத்தின் கால் விரல் செருப்புக்குள் தனியாக ஆடும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு தடவை கீபோர்ட் தம்பி ரிதம் இலக்கத்தை மாறி அமத்திவிட்டான். அமைதியான தவக்காலப் பாட்டு டிஸ்கோவில் தொடங்கியது. "என் பாவமே" என்ற சொல்லுக்கு அப்படி ஒரு துள்ளலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாவம் செய்ய ஆசை வரும்.

அது கோயில். இனி வீட்டுக்குள் வாருங்கள். அங்கே என் செட்டும் எடுபடாது, என் சொல்லும் எடுபடாது.

பின்னேரம் ஏழு மணிக்குக் குடும்ப செபம். ஏழரைக்கு அம்மாவின் நாடகம். செபமாலையில் ஐந்து பத்தும் தொடக்கத்து மூன்றுமாக 53 அருள் நிறைந்த மரியே இருக்கிறது. ஆறுதலாகச் சொன்னால் இருபது நிமிடம் பிடிக்கும். நாடகத்தில் மருமகளுக்கு நஞ்சு வைக்கிற கட்டம் என்றால் அம்மா பதினொரு நிமிடத்தில் கரை சேர்த்துவிடுவார். என் மனைவி கார்மென்ட்டில் குவாலிட்டி பார்க்கிறவ. விடிய ஐந்தரைக்குக் கம்பனி பஸ் பிடித்து, நாள் முழுவதும் தையலைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்துவிட்டு வருகிற கண். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் படுக்காது. ஒரு நாள் செபத்தின் நடுவிலேயே நிற்பாட்டினா.

"மாமி, நாலாம் பத்தில ரெண்டு குறையுது."

"மாதா எண்ணுறேல்லை பிள்ளை."

"மாதா எண்ணாட்டியும் நான் எண்ணினனான் மாமி. எட்டுத்தான் சொன்னனீங்கள்."

நான் யோசேப்பு சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவரும் வேதாகமத்தில் ஒரு சொல்லும் பேசாதவர். எனக்குப் பிடித்த புனிதர்.

மகன் ஐந்தாம் ஆண்டு. அடுத்த மாதம் புலமைப்பரிசில் சோதினை. எங்கள் பிதாவே செபம் சொல்லும்போது வேறு எந்த இடத்திலும் அவன் வாய் அசையாது, "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்ற இடத்தில் மட்டும் வீடு அதிரக் கத்துவான். பக்தி முற்றிவிட்டது என்று அம்மா பூரித்துப்போய் இருந்தார். பிறகு ஒரு நாள் அவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அப்பா, சோதினையில விழவிடாதேயும் எண்டால் வெட்டுப்புள்ளிக்கு மேல எடுக்கலாமோ, இல்லாட்டிச் சும்மா பாஸ் மட்டுமோ?" நான் சுவாமியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். சுவாமியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தவராம் என்றார்.

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. இறைச்சிதானே விடவேண்டும், மீன் தின்னலாமே என்று நான் சட்டம் கதைப்பேன். பக்கத்து வீட்டார் சைவம், வேலியால் மீன் மணம் போகும் என்பார் அம்மா. ஆகவே வெள்ளியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே முருங்கைக்காய்க் கறிதான், பல நாளில் ஒரே மரத்துக் காய்.

அந்த நாலாம் பத்துக் கதையை முடிக்கவில்லை. அம்மா குளிக்கப் போயிருந்த ஒரு நேரம், அவரின் செபமாலை மேசையில் கிடந்தது. மனைவி எடுத்துப் பார்த்திருக்கிறா. மரமணி, கறுத்துப்போனது. நாலாம் பத்தில் உண்மையாகவே எட்டு மணிதான். இரண்டு மணி இருந்த இடத்தில் தங்கூசி நூல் போட்டு முடிச்சு. என்னிடம் கொண்டுவந்து காட்டினா. எனக்குத் தெரியும். 2009இல், கடைசிச் சண்டை நேரம், முல்லைத்தீவுக் கரையில் மாத்தளன் பக்கம் இருந்தபோது அறுந்தது. நிலத்தில் தேடுகிற நேரமில்லை அது. மீன்பிடிக்கிற ஒருவர் கொடுத்த தங்கூசியால் அம்மா கட்டினார். அதற்குப் பிறகு மடுவில் இருந்தும் உரோமாபுரியில் இருந்தும் எத்தனையோ செபமாலை வந்துவிட்டது. எல்லாம் அலமாரியில் தொங்குகிறது. கையில் இதுதான்.

மனைவி அதைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு நாலாம் பத்தில் அம்மா எட்டோடு அடுத்ததற்குப் போக, இவ மட்டும் வாய்க்குள் இரண்டை முணுமுணுத்துவிட்டு ஓடிவந்து பிடித்தா. இன்றைக்கும் அப்படித்தான். குவாலிட்டி விடாது.

பென்ட்ரைவுக்கு வழி பண்ணிவிட்டேன். இதோ, கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன், மாதாவுடையதுக்கு நீல நூல், அம்மனுடையதுக்குச் சிவப்பு நூல். அம்மாதான் கட்டித் தந்தார். வாற கிழமை ஒரு சபைக்காரர் கூட்டத்துக்கும் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளை என்றால் செத்தவீட்டுப் பென்ட்ரைவோடு மாறும்.

கேட்கிறதா, உள்ளே மணி அடிக்கிறது? ஏழாகிவிட்டது. இன்றைக்கு நாடகத்தில் வழக்குத் தீர்ப்பாம், ஆனபடியால் எங்களுக்கு ஓட்டம்தான். வாறன் அம்மா! வயரை மட்டும் மழைக்குள் விடக்கூடாது, எடுத்து வைத்துவிட்டு... ஓம் ஓம், நிப்பாட்டிட்டன்!