மீட்டரும் வெயிலும் பார்த்து ஓட்டுங்கள்: வீட்டுக் கணினியில் பாயிங்க்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், கார்னார்வனுக்கு அப்பால் கரூ பொட்டல் வெளியில், 64 வானொலித் தட்டுகள் நிற்கின்றன. மீர்காட் தொலைநோக்கி அதுதான். 2018இல் திறந்துவைத்தார்கள். அது திரட்டும் தரவில் ஒரு பகுதி துண்டு துண்டாக வெட்டப்பட்டு, உலகெங்கும் சாதாரண மக்களின் வீட்டுக் கணினிகளுக்குப் போகிறது. இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும் பல்சார்களை, அதாவது வேகமாகச் சுழன்று வானொலித் துடிப்பு அனுப்பும் செத்த விண்மீன்களை, அந்தக் கணினிகள் தேடுகின்றன. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ உங்கள் மேசை மேல் இருக்கும் கணினியும் அதில் சேரலாம். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் திட்டத்துக்கு ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்று பெயர். அதை உங்கள் வீட்டில் நடத்துகிற மென்பொருள் பாயிங்க், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. இலவசம்.

1999இல் அதே பெர்க்லியில் தொடங்கிய செட்டி அட் ஹோம் சிலருக்கு நினைவிருக்கும். வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேடியது. அது 2020 மார்ச் மாதக் கடைசியோடு புதிய வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது வேறு திட்டங்கள் இருக்கின்றன: புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடும் ரோசெட்டா, தட்பவெப்பத்தை மாதிரியாக ஓட்டிப் பார்க்கும் கிளைமேட்பிரெடிக்‌ஷன், அணுத்துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி அட் ஹோம். எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் சயன்ஸ் யுனைடெட் என்பதில் சேரலாம். வானவியல், மருத்துவம் என்று துறையை மட்டும் சொன்னால் போதும், திட்டத்தை அதுவே பொறுக்கிக் கொடுக்கும்.

எந்தத் திட்டமானாலும் ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பல திட்டங்களில் உங்களுக்கு வரும் அதே துண்டு, முன்பின் தெரியாத இன்னொருவருடைய கணினிக்கும் போகிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கணக்கில் எடுப்பார்கள். 2010இல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் கண்டுபிடித்த முதல் வானொலிப் பல்சார் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவருடைய கணினியும் அதைக் கண்டன. ஆகவே, சூடேறித் தப்புக் கணக்குப் போடும் வேகமான இயந்திரத்தைவிட, நிதானமாக ஓடி, கெடுவுக்குள் சரியான விடையை அனுப்பும் பழைய இயந்திரம் மேல். நான் சொல்லப்போகும் அமைப்புகள் எல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

நிறுவுவது சுலபம். பெர்க்லியின் பாயிங்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடத்தில் கிடைப்பது வேண்டாம். நிறுவியதும் திட்டங்களின் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுங்கள். வங்கிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே போடாதீர்கள். சில நிமிடங்களில் முதல் துண்டு இறங்கி ஓடத் தொடங்கும். திரையில் பாயிங்க் ஜன்னலை மூடினாலும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும், அதை மறந்துவிட வேண்டாம். அலுவலகக் கணினியிலோ பள்ளிக்கூடக் கணினியிலோ, அதற்குப் பொறுப்பானவரின் அனுமதியில்லாமல் போடக்கூடாது.

இனி செலவு. சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் மேசைக் கணினி, செயலியின் எல்லாக் கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) ஓடும்போது 130 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 80 வாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.92 யூனிட், 30 நாளில் 57.6 யூனிட். ஒரு யூனிட் 3 ராண்ட் என்றால் மாதம் சுமார் 173 ராண்ட். கேமிங் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் இன்னும் 100, 200 வாட் ஏறும். மீர்காட் துண்டுகளை அந்தக் கார்டுதான் செய்கிறது, கார்டு இல்லாதவர்களுக்கு வேறு துண்டு வரும். உங்கள் வீட்டுக் கணக்கு தெரிய வேண்டுமென்றால், பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். அது இல்லையென்றால், படுக்கும்போதும் எழும்போதும் பிரீபெய்ட் மீட்டரில் மீதி யூனிட்டைக் குறித்து வையுங்கள், பாயிங்க் ஓடிய இரவு ஒன்று, ஓடாத இரவு ஒன்று. வாங்கிய மின்சார டோக்கன் மாதக் கடைசி வரை வருமா என்று எண்ணிப் பார்க்கும் வீட்டில் இரவும் பகலும் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. தினசரி நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது, ராத்திரி நாலு மணி நேரம் ஓடினால் போதும்.

டர்பனில் பணத்தைவிடப் பெரிய தொல்லை வெப்பம். ஜனவரி, பிப்ரவரியில் அறையே வேகும், காற்றில் ஈரம் வேறு. கம்ப்யூட்டிங் பிரெஃபரன்ஸஸ் பகுதியைத் திறந்தால் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று எத்தனை சதவீதம் சிபியுக்கள், மற்றது எத்தனை சதவீதம் சிபியு நேரம். பலர் இரண்டாவதைத்தான் குறைக்கிறார்கள். அது செயலியை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி வேலை வாங்கும். வெப்பம் ஏறி இறங்கி, விசிறி நொடிக்கு நொடி கத்தும். நேரத்தை 100இலேயே விட்டுவிட்டு, சிபியு எண்ணிக்கையை 50 சதவீதமாக்குங்கள். நாலு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை வழிகள்) உள்ள செயலியைப் பாயிங்க் எட்டாக எண்ணும். பாதி என்றால் ஒரே நேரத்தில் நாலு துண்டு ஓடும், அதுவே தாராளம். வெப்பமானி மென்பொருள் ஒன்றையும் போட்டு வையுங்கள். 80 டிகிரிக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் இன்னும் குறையுங்கள். மெர்பேங்க், இசிப்பிங்கோ மாதிரி கடல் காற்று படும் இடங்களில் உப்பும் தூசியும் சேர்ந்து, செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் அடை அடையாகப் பிடிக்கும், அவ்வப்போது திறந்து ஊதிவிட வேண்டும். லேப்டாப்பைப் படுக்கை மேல் வைத்து ஓட்டவே கூடாது, அடியில் காற்று போகாது. மெல்லிய லேப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு ஜூலைக் குளிரில் இந்தக் கவலை இல்லை, அறை கொஞ்சம் சூடானால் நல்லதுதான்!

நினைவகமும் பார்க்க வேண்டும். ரோசெட்டா துண்டு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்பதுண்டு. 8 ஜிபி உள்ள கணினியில் ஆறேழு துண்டு ஓடவிட்டால், நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது என்று அறிவிப்பு வரும், பிரவுசர் தவழும். அங்கேயும் சிபியு எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

அடுத்தது மின்வெட்டு. முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் 2023இல் இருந்த மாதிரி இப்போது இல்லாவிட்டாலும், கேபிள் திருட்டாலும் சப்ஸ்டேஷன் கோளாறாலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. ஓடும் துண்டு அவ்வப்போது தன் நிலையை டிஸ்கில் எழுதி வைக்கும், அதற்கு செக்பாயிண்ட் என்று பெயர். கரண்ட் வந்ததும் கடைசி செக்பாயிண்டிலிருந்து தொடரும். இயல்பாக இருக்கும் அமைப்பு, 60 நொடிக்கு ஒரு முறைக்கு மேல் எழுதாதே என்பது. அதனால் எல்லாத் துண்டும் நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதும் என்று நினைக்காதீர்கள். எப்போது எழுதலாம் என்பது அந்தந்த நிரலைப் பொறுத்தது, சிலவற்றில் இடைவெளி நீளம். துண்டைத் தொட்டு பிராபர்ட்டீஸ் பார்த்தால், செக்பாயிண்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். தட்பவெப்ப மாதிரிகள் பல நாள் ஓடுபவை, திடீரென்று கரண்ட் போனால் சில நேரம் முழுத் துண்டுமே கெட்டுவிடும். அடிக்கடி மின்சாரம் போகும் தெருவில் இருப்பவர்கள் அந்தத் திட்டத்தை எடுக்காமல், சில மணி நேரத்தில் முடியும் துண்டுகளை எடுப்பது நல்லது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் யுஎஸ்பி கம்பியைக் கணினியில் செருகுங்கள். பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். செருகினால் விண்டோஸ் அதை பேட்டரியாகக் காணும். பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற அமைப்பை பாயிங்கில் போட்டிருந்தால், கரண்ட் போன உடனே கணக்கு நிற்கும், யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். வீட்டுக்கே பெரிய இன்வெர்ட்டர் போட்டவர்களுக்கு இது நடக்காது. கரண்ட் போனதே கணினிக்குத் தெரியாது, ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் வைத்த பேட்டரியைப் பல்சார் தின்றுவிடும். அவர்கள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து முன்பே கையால் நிறுத்த வேண்டும். திரையின் கீழ் மூலையில் இருக்கும் பாயிங்க் படத்தை வலது கிளிக் செய்து ஸ்னூஸ் கொடுத்தால் ஒரு மணி நேரம் தூங்கும். வெட்டு இரண்டு மணி, இரண்டரை மணி என்று நீளும் என்பதால் ஸ்னூஸ் போதாது, சஸ்பெண்ட் கொடுங்கள்.

டேட்டாவில் ஃபைபர் உள்ளவர்களுக்குப் பேச்சே இல்லை. கைபேசி டேட்டாவில் ஓட்டுபவர்கள், இத்தனை நாளுக்கு இத்தனை எம்பி என்று வரம்பு போடலாம். நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை மட்டும் செல்லும் மலிவு டேட்டா வாங்குகிறீர்கள் என்றால், நெட்வொர்க் நேரத்தையும் அதே மாதிரி குறித்துவிடுங்கள். கணக்கு பகலில் நடக்கும், இறக்குவதும் அனுப்புவதும் இரவில். அதற்கு ஒரு நாளுக்கான வேலை கையிருப்பில் வேண்டும். மற்றவர்களுக்குக் கால் நாள், அரை நாள் போதும். பத்து நாள் வேலையை வாரிக்கொண்டால் கெடு தவறும், அதே துண்டு வேறொருவருக்குப் போகும், உங்கள் மின்சாரம் வீண். தேவையில்லாமல் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள், இறக்கிய கோப்புகள் எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து இறங்கும்.

சில நாள் திட்டத்தில் வேலையே இருக்காது. அதற்கு இரண்டாவது திட்டம் ஒன்றைச் சேர்த்து, அதன் ரிசோர்ஸ் ஷேரை (அதற்கு ஒதுக்கும் பங்கை) பூஜ்யமாக வையுங்கள். முதலாவது காலியானால் மட்டும் இரண்டாவதைக் கேட்கும்.

துண்டுகள் வரிசையாக கம்ப்யூடேஷன் எரர் (கணக்குப் பிழை) என்று விழுந்தால், முதலில் ஓவர்கிளாக் (குறித்த அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது) செய்திருந்தால் எடுத்துவிடுங்கள், பிறகு வெப்பத்தைப் பாருங்கள், அதற்கும் பிறகு ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். சி டிரைவில் புரோகிராம் டேட்டாவுக்குள் பாயிங்க் என்ற கோப்புறை மறைந்திருக்கும். ஆன்டிவைரஸ் அதிலிருந்து கோப்பைப் பிடுங்கிக்கொண்டால் துண்டு செத்துப்போகும். அந்தக் கோப்புறையை ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள். எல்எச்சி துண்டுகள் சிலவற்றுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினியை நடத்தும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வேண்டும், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். அது மூடியிருப்பதால் தோற்பவர்கள் அதிகம். மீதி நேரம் என்று காட்டும் எண்ணை முதல் சில நாள் நம்பாதீர்கள். நாலு நாள் ஆகும் என்று காட்டிய துண்டு ஏழு மணி நேரத்தில் முடியலாம், அவசரப்பட்டு அபார்ட் (ரத்து) கொடுக்க வேண்டாம்.

பெரிய வெள்ளிக்கு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் காரில் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கணினியை ஓடவிட்டுப் போகாதீர்கள். இரண்டு நாள் முன்பே நோ நியூ டாஸ்க்ஸ் (புது வேலை வேண்டாம்) கொடுத்துவிடுங்கள். கையில் இருப்பது முடிந்து, விடை திட்டத்துக்குப் போய், பட்டியல் காலியாகும். அப்டேட் ஒரு தரம் அழுத்தினால் மீதிக் கணக்கும் ஒப்படைந்துவிடும். அப்புறம் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் வேகத்தில் பவர் சப்ளை எரிவதுண்டு.