எந்தச் சட்டத்தின்படி ஒட்டினீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தோட்டத் தொழிலாளர்களின் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில், அரசு அலுவலகங்கள் நம்மைப் பற்றிய விவரங்களை வெளியே விட்டுவிட்டால் நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

ஒரு மழைக்கால மாலையில், லயம் என்னும் தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் அம்மா ஒருவர், கொழுந்துக்கறை போகாத விரலால் மகனுடைய கைப்பேசியைத் தொட்டு ஒரு படத்தைக் காட்டினார். ஓர் அரசு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த மருத்துவ உதவிப் பயனாளிகள் பட்டியல் அது. பெயர், வீட்டு எண், பன்னிரண்டு இலக்கமும் மறைக்கப்படாத ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடைசிக் கட்டத்தில் நோயின் பெயர். பட்டியல் மலையாளத்தில் இருந்ததால், அந்தப் பலகையைத் தாண்டி இரண்டு முறை போய்வந்தும் அவருக்கு அது தெரியவில்லை. யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் நாத்தனார் வாசித்துவிட்டுப் போன் செய்தபோதுதான் தெரிந்தது. கூடப்பிறந்த தங்கையிடம்கூட அவர் சொல்லாத நோய் அது. "பணம் ஒண்ணும் போகலைங்க சார். அப்ப கேஸ் போட முடியாதா?" என்று கேட்டார்.

போடலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. ஆகவே, 'உனக்கு என்ன நஷ்டம்' என்று அலுவலகம் நம்மைக் கேட்பதற்கு முன், 'எந்தச் சட்டத்தின்படி இதை ஒட்டினீர்கள்' என்று நாம் அலுவலகத்தைக் கேட்கலாம். உதவித்தொகை யாருக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரிவிப்பதில் நியாயம் உண்டு. அதற்கு நோயின் பெயர் எதற்கு? ஆதார் எண்ணைப் பொறுத்தவரை விடை இன்னும் எளிது: விதிமுறைகள் அனுமதித்தாலன்றி யாருடைய எண்ணையும் பொதுவில் காட்டக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது.

எந்த நீதிமன்றம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீடு பற்றிப் பேசினாலும், அது நிறுவனங்களைக் குறித்தது. அரசுத் துறைகளை அதில் பிடிக்க இயலாது. அரசுக்கு எதிரான நேர்வழி, அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்படி, உரிமையைக் காக்க உத்தரவிடும்படி கேட்டு எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ரிட் மனுவே. விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்த ருதுல் ஷாவின் வழக்கில் 1983இலும், காவலில் மகனை இழந்த நீலாவதி பெஹரா என்ற தாயின் வழக்கில் 1993இலும், அடிப்படை உரிமையை மீறிய அரசு இழப்பீடு தர வேண்டும், இறையாண்மையைக் காட்டி அது தப்பிக்க முடியாது என்ற நெறி உறுதிப்பட்டது. உயிரும் உடலும் சம்பந்தப்பட்ட அந்த வழக்குகளின் அளவுகோல் ஒரு பட்டியலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். என்ன நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் உயர்நீதிமன்றம் சிவில் வழக்குக்கு அனுப்பிவிடலாம். அங்கே அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு இழப்பீடு கேட்கக் கெடுவும் ஓர் ஆண்டுதான். தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள்.

நம் மாநிலத்திலேயே பெரியதொரு முன்மாதிரி உண்டு. கொரோனா காலத்தில் நோயாளிகள், தனிமையில் இருந்தவர்கள் ஆகியோரின் விவரங்களைக் கையாளும் வேலையை அரசு ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்தபோது, 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே தரவை நிறுவனம் பார்க்கலாம். இன்னொருவர் பார்க்கக்கூடும் என்று மக்களிடம் சொல்லி அவர்களுடைய ஒப்புதலைப் பெற வேண்டும். கசிந்த பிறகு கிடைக்கும் பணத்தைவிட, கசியும் முன் கிடைக்கும் இத்தகைய தடை பெரியது என்று நான் நினைக்கிறேன். நோயின் பெயரை ஒருமுறை ஊர் வாசித்துவிட்டால் எந்தத் தொகையும் அதை அழிக்காது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. ஆனால் அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் இல்லை. பழைய 43ஏ பிரிவையும் அதுவே நீக்குகிறது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. அடிபட்டவர் ஒருவர், அபராதம் வேறிடத்துக்கு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பல்கேரியாவின் வருவாய்த் துறைக் கணினியிலிருந்து 2019இல் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடு போனபோது, ஒரு பெண்மணி சுமார் 510 யூரோ கேட்டு வழக்குத் தொடுத்தார். தன் விவரம் தவறாகப் பயன்படுமோ என்ற அச்சம், உண்மையான அடிப்படை உள்ளதாக இருந்தால், அதுவே இழப்பீட்டுக்குரிய பாதிப்பாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 டிசம்பர் 14 அன்று சொன்னது. பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் துறையின்மேலேயே வைத்தது. நம் புதிய சட்டத்தில் அப்படியொரு கதவு இல்லாததால், 226ஆவது பிரிவு உயர்நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரமே நமக்குப் பெரிய துணை; நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டத்தால் அந்த அதிகாரத்தைப் பறிக்க முடியாது.

அந்தச் சட்டத்தில் நமக்குப் பயனுள்ள ஒன்றும் உண்டு. ஒப்புதல் கேட்டு விவரம் வாங்கும் இடத்தில், தமிழ் உட்பட, அரசமைப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள மொழிகள் இருபத்திரண்டில் நாம் கேட்கும் மொழியில் அறிவிப்பைத் தர வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும், மொழிச் சிறுபான்மைப் பகுதியில் வாழும் தமிழர் உள்ளூர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்கிறது. புரியாத படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் பழக்கத்தை நம்மவர் விட்டாக வேண்டும்.

அந்த அம்மா பட்டியலைத் தேதி தெரியும்படி மறுபடியும் படம் எடுக்க வைத்தார். பத்து ரூபாய்க் கட்டணத்தில், எந்தச் சட்டத்தின்படி, யாருடைய உத்தரவின்படி ஒட்டினீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழில் எழுதிக் கேட்டார். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி ஆணையம் அவருக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரும் என்பதையும் அன்றே சொன்னேன். முப்பது நாள் முடியும் முன் பட்டியல் பலகையிலிருந்து இறங்கியது. பதிலும் தமிழிலேயே வந்தது. அதில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். சட்டத்தின் பெயர் மட்டும் இல்லை. அவருடைய மனுவில் முதல் ஆவணமாக நாங்கள் இணைத்தது அந்தக் கடிதத்தைத்தான்.