எட்டு விரலோடு தண்ணீருக்குள் என்ன வேலை? கால் முளைத்த கதை

வணக்கம் மக்களே! 1791 நவம்பர், தரங்கம்பாடி. டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட், நீர்நிலை ஓரமாக நின்ற பனைமரத்தில் ஒரு மீனைப் பிடிக்கிறார். ஆமாம், மரத்தில்! 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சாகவே வந்துவிட்டது. வேறு யார், நம்ம பனையேறிக் கெண்டைதான். அதுவாக ஏறியதா, ஏதாவது பறவை கொண்டுபோய்ப் போட்டதா என்ற சண்டை தனி. ஆனால் மழைக்காலத்தில் செவுள்மூடி முள்ளை ஊன்றி ஊன்றி அது தரையில் நகர்வது உண்மை.

'சரி, இப்படித்தான் மீன் கரையேறித் தவளையாச்சா?' அதுதான் இல்லை. கெண்டை நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம். நம் வம்சம் சதைத்துடுப்பு மீன்களிலிருந்து வந்தது. துடுப்புக்கு உள்ளேயே மேல்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு. 2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனுக்குக் கழுத்தும் உண்டு; வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. இதை எல்லா சேனலிலும் பார்த்திருப்பீர்கள், தாண்டிப் போவோம்.

எனக்குப் பிடித்த ஆள் அகாந்தோஸ்டீகா, கால் முளைத்த ஆதிகாலப் பிராணிகளில் ஒன்று. அதன் புதைபடிவம் கிரீன்லாந்தில் கிடைத்தது, வயது சுமார் 36.5 கோடி ஆண்டு. 1990-இல் புதைபடிவ ஆய்வாளர்கள் மைக்கேல் கோட்ஸும் ஜென்னி கிளாக்கும் அதன் முன்னங்காலில் விரல்களை எண்ணிப் பார்த்தால்... எட்டு! கூடவே வாழ்ந்த இன்னொரு நாலுகால் பிராணி இக்தியோஸ்டீகாவின் பின்னங்காலில் ஏழு. 'ஆதியிலிருந்தே ஐந்து விரல்தான்' என்று பாடப்புத்தகம் சொன்னதெல்லாம் அன்றோடு காலி.

அதைவிடப் பெரிய கூத்து, அகாந்தோஸ்டீகாவுக்கு மீன் மாதிரி செவுள் இருந்தது, வாலில் துடுப்பு இருந்தது, மணிக்கட்டோ உடம்பைத் தாங்காது. தரையில் நடந்திருக்கவே முடியாது! அப்புறம் எதற்கு விரல்? ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் இறங்கினால், நாம் கையால் விலக்கிக்கொண்டுதானே போவோம்? செடி அடர்ந்த ஆழமில்லாத நீரில் அதற்கும் அதே வேலைதான் இருந்திருக்கும் என்கிறார்கள். அதாவது, நடப்பதற்காகக் கால் முளைக்கவில்லை. தண்ணீருக்குள் முளைத்த கால் பிற்பாடு நடக்க உதவியது. நுரையீரலும் அப்படித்தான், மீனாக இருந்தபோதே வந்தாச்சு. என்னைக் கேட்டால், பரிணாமத்தில் இதைவிட அழகான திருப்பம் கிடையாது.

ஐப்பசி மழையில் திண்ணைக்குத் தவளை வந்தால் விரட்டாதீர்கள், விரலை எண்ணுங்கள். முன்னங்காலில் நாலு, பின்னங்காலில் ஐந்து இருக்கும். போட்டோவை கமெண்டில் போடுங்கள். அப்படியே அந்த பெல் பட்டனையும் ஒரு தட்டு!