டெபியன் நிறுவும்போது நெட்வொர்க் அமையவில்லை என்றால் என்ன செய்வது?

அடுத்த கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். “நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ வைத்து டெபியன் நிறுவுகிறேன். நெட்வொர்க்கைத் தானாக அமைக்க முடியவில்லை என்கிறது. கையால் அமைக்கலாம் என்று போனால் ஐபி முகவரி, கேட்வே என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. என்ன போட வேண்டும்?”

டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ என்பது அதன் சிறிய நிறுவல் கோப்பு, மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கேட்வே என்பது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி, வீட்டில் அது ரூட்டர்தான். என்ன போடுவது என்பதைப் பிறகு சொல்கிறேன். கையால் போட வேண்டிய நிலைமை உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வீட்டு ரூட்டரில் டிஎச்சிபி என்ற சேவை வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் கணினிக்கு முகவரி கொடுப்பது அதன் வேலை. நிறுவி கேட்டும் பதில் வராதபோதுதான் நீங்கள் பார்த்த அந்தத் திரை வரும். ஏன் பதில் வரவில்லை? கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம். இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள கணினியில், கேபிள் இல்லாத போர்ட்டை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கலாம். வைஃபை என்றால் கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். இவற்றைச் சரிபார்த்துவிட்டு, அதே திரையில் மீண்டும் முயலும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேபிளே இல்லாவிட்டாலும் நீங்கள் எழுதும் எண்களை நிறுவி மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். பிறகு, மிரரிலிருந்து, அதாவது டெபியன் மென்பொருளின் நகலை வைத்திருக்கும் சர்வரிலிருந்து, மென்பொருளை இறக்கும் கட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது பழி மிரர் மேல் விழும்.

வைஃபை சாதனமே பட்டியலில் தெரியவில்லையா? அது வேறு சிக்கல், ஃபர்ம்வேர் சிக்கல். ஃபர்ம்வேர் என்பது அந்தச் சாதனம் இயங்கத் தேவையான சிறு மென்பொருள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. பழைய ஐஎஸ்ஓவை வைத்துப் போராட வேண்டாம், புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் நெட்வொர்க்கில் டிஎச்சிபி உண்மையிலேயே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதே நெட்வொர்க்கில் ஏற்கெனவே வேலை செய்யும் இன்னொரு கணினியைத் திறந்து, அதன் முகவரியையும் கேட்வேயையும் பாருங்கள். அதன் முகவரி 192.168.1.23, நெட்மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்றால், உங்களுக்கு முதல் மூன்று பகுதிகள் அப்படியே இருக்க வேண்டும். கடைசி எண் மட்டும் வேறு யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும். 192.168.1.50/24 என்று எழுதுங்கள். அந்த 24 என்பது 255.255.255.0 என்ற நெட்மாஸ்க்கின் சுருக்கம், அது இருந்தால் நெட்மாஸ்க்கைத் தனியாகக் கேட்காது. கேட்வே, அந்தக் கணினியில் உள்ளதேதான். டிஎன்எஸ், அதாவது இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சர்வர், அதன் முகவரிகள் மூன்று வரை கொடுக்கலாம், இடையில் காற்புள்ளி போடாமல் இடைவெளி மட்டும் விடுங்கள்.

டிஎச்சிபி இருக்கும் இடத்தில், “எனக்கு நிலையான முகவரிதான் வேண்டும்” என்பதற்காகக் கையால் அமைக்கிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் எழுதிய அதே முகவரியை ரூட்டர் நாளைக்கு வேறொரு கணினிக்கும் கொடுத்துவிட்டால் இரண்டுமே தடுமாறும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே உங்கள் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வையுங்கள். நிறுவும்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஹோஸ்ட்நேம், அதாவது கணினியின் பெயர், பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு, அவ்வளவுதான், அடிக்கோடு கூடாது. பிறகு மாற்றினால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கும். டொமைன் பெயரை வீட்டில் காலியாகவே விடலாம்.

“இப்போது நெட்வொர்க் வேண்டாம்” என்றும் ஒரு வழி இருக்கிறது. நெட்இன்ஸ்ட் வைத்திருப்பவர் அதைத் தேர்ந்தெடுத்தால் அடிப்படை அமைப்பு மட்டும்தான் கிடைக்கும். டெஸ்க்டாப் இருக்காது, கட்டளை வரிதான். அப்படித்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மெய்நிகர்க் கணினியில் நிறுவுகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் நேட் முறை, அதாவது உங்கள் கணினியின் இணைப்பையே பகிரும் முறை என்றால் 10.0.2.15 என்ற முகவரி தானாகவே வரும், கேட்வே 10.0.2.2. அதிலும் தோல்வி என்றால் எண்களைத் தேட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெய்நிகர்க் கணினியின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, கேபிள் இணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.